கைத்திறனும் கணக்கும்

ஒருவரைக் "கைதேர்ந்தவர்" எனப் புகழும்போது நாம் எதனைக் கருதுகிறோம்? தையற்காரரின் விரல்களையா, கொல்லரின் தோள்களையா, வண்டியோட்டியின் கண்ணும் காலும் ஒருங்கியங்கும் விரைவையா? இவையனைத்தும் ஒரே திறனா, பல திறன்களா என்னும் வினாவை இருபதாம் நூற்றாண்டு புள்ளியியலிடம் ஒப்படைத்தது.

ஒரே கூட்டத்தாரிடம் பல சோதனைகளை நடத்துவர். துளைகளில் சிறு முளைகளைச் செருகுதல், சுழலும் தட்டின் மீதுள்ள புள்ளியைக் கம்பி முனையால் விடாது தொடர்தல், விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துதல் போன்றவை அவை. ஒன்றில் முந்துவோரே மற்றொன்றிலும் முந்துவாராயின், இரண்டிற்கும் அடியில் பொதுத் திறனொன்று உண்டென்று கொள்வர். அறிவாற்றலை ஆராய 1904இல் சார்லஸ் ஸ்பியர்மேன் தொடங்கிவைத்த காரணிப் பகுப்பாய்வே இதற்கும் கருவியாயிற்று. அமெரிக்க உளவியலறிஞர் எட்வின் ஃபிளைஷ்மன் இவ்வழியே விரல் நுட்பம், கையின் நடுக்கமின்மை, பல உறுப்புகளின் ஒருங்கியக்கம் எனப் பதினொரு திறன்களை வகுத்தார். ஃபிராங்க்ளின் ஹென்றியோ, ஒவ்வொரு செயலுக்கும் உரிய திறன் தனித்தனியே என்றார். ஒரே வகைக் கணக்கிலிருந்து இருவேறு மனிதர்கள் எழுவது வியப்பன்றோ! கணக்கு தருவது எண்களுக்கிடையேயுள்ள உறவை மட்டுமே. அதற்குப் பெயரிடுபவர் மனிதர்.

1954இல் ஃபிளைஷ்மனும் ஹெம்பெலும் வெளியிட்ட ஆய்வு நம் சிந்தனைக்கு உரியது. விமானியின் கைப்பிடியையும் கால்மிதிகளையும் ஒத்த கருவியில் பலர் பன்முறை பழகினர். தொடக்கத்தில் வெற்றியைத் தீர்மானித்தவற்றுள் இடவுணர்வு போன்ற அறிவுத் திறன்கள் பெரும்பங்கு வகித்தன. பழகப் பழக அவற்றின் பங்கு குறைந்து, இயக்கத்தின் விரைவும் அச்செயலுக்கே உரிய தனித்திறனும் மேலோங்கின. அவ்வாறாயின், முதல் நாள் அளவுகோல் அளந்தது எதனை?

சோதனைகள் வீண் என்று நாம் கூறவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படை, மதிப்பெண்ணைப் பாராது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தது. சோதனையில் தாழ்ந்தோரில் மிகச் சிலரே விமானிகளாகத் தேறினர். உயிரோடு விளையாடும் தொழிலில் இவ்வறிவு எத்தனையோ பேரைக் காத்திருக்கும்.

எனினும் அந்த மிகச் சிலரை நம் மனம் விட்டகல மறுக்கிறது. வழக்கமான தேர்வாயிருந்தால் அவர்கள் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பர். பயிற்சி பெறாதவர் தவறாக ஒதுக்கப்பட்டார் என்பதற்குச் சான்று எங்கிருந்து வரும்? தேர்ந்தெடுக்கப்பட்டவரின் தோல்வி ஏட்டில் ஏறுகிறது. ஒதுக்கப்பட்டவர் பெற்றிருக்கக்கூடிய வெற்றிக்கு அவ்வேட்டில் பத்தியே இல்லை.