விளக்கும் உடைமையும்

பழம்பொருள் திரட்டுவோர் போற்றுவது பொருளையா, பழமையையா? இத்தாலியக் கண்ணாடி மேசைவிளக்கு ஒன்று இவ்வினாவைத் தெளிவாக்கும்.

1954-இல் மாக்ஸ் ஆங்கிரான் என்னும் பிரெஞ்சுக் கலைஞர், ஃபொன்தானா ஆர்த்தே நிறுவனத்திற்காக அதனை வடிவமைத்தார். உடலும் குடையும் பால்வெண்மையான ஊதுகண்ணாடி, இரண்டினுள்ளும் ஒளி. அவ்வடிவம் இன்றும் செய்யப்படுகிறது. ஆயினும் திரட்டுவோர் நாடுவது பழையதையே.

அதில் அன்றைய தொழிலாளியின் மூச்சு உறைந்துள்ளது என்பர். இன்று ஊதுபவனும் மூச்சுடையவனே அன்றோ? எனின், பழையதன் தனிச்சிறப்பு யாது? எளிதில் உடையும் அதனைப் பல கைகள் இதுகாறும் உடையாது காத்தன. அக்கவனமே அதன் விலை.

அங்ஙனமாயின், உடையுமென அஞ்சி, ஏற்றாமல் பேழையில் பூட்டுவது காவலன்று, சிறை. காத்தவர்கள் ஒளிக்காகவே காத்தனர். விளக்கை ஏற்றுக, துடைத்து வைக்க, பின்வருவோர்க்கு அளிக்க. உடைமை என்பது இடைக்காலப் பொறுப்பேயாகும்.