பொறுமை யாருடைய செலவில்?

பொறுமையைப் புகழாத மார்க்கமும் இல்லை, பழமொழியும் இல்லை. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று பாடசாலைக் கொப்பியில் எழுதிப் பழகியவர்கள்தாம் நாம் எல்லோரும். ஸப்ர் என்ற சொல் நமது வீடுகளில் மையித்து வீட்டிலும் கேட்கும், கடன்காரன் வாசலில் நிற்கும்போதும் கேட்கும். ஆனால் அச்சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பொறுமை நற்குணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் செலவை யார் ஏற்பது என்பதே என் கேள்வி. இக்கேள்வியைத் தெளிவாக எழுப்பிக்கொள்ள எனக்கு உதவியது ஒரு தேனீப்பெட்டி.

எங்கள் கல்முனைக் கரையோரத்தில் தேனீ வளர்ப்பு பெருவழக்கமான தொழிலன்று. தேன் என்றால் மகாஓயா, பொல்லெபெத்தப் பக்கத்துக் காடுகளிலிருந்து போத்தலில் வருவது என்பதே பலரின் எண்ணம். எனது வளவில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடு கட்டும் நமது நாட்டுத் தேனீதான். பொதுவில் சாதுவான இனம். முகமூடி இல்லாமலே சட்டங்களைத் தூக்கிப் பார்க்கலாம். அவற்றில் ஒன்று குடிபிரிந்து பாதிக் கூட்டம் பறந்து போயிற்று. எஞ்சியவை பழைய தேனீக்களாக இருக்கவில்லை. மூடியில் கை வைக்க முன்னரே முகத்தில் மோதின. ஒழுங்கையால் போனவர்களையும் துரத்தின. மதிலுக்கு அப்பால் விளையாடிய இரண்டு பிள்ளைகளுக்குக் கொட்டு விழுந்தது.

குடிபிரிதலில் நடப்பது இதுதான். கூடு நிறைந்து இடம் போதாமற் போகும்போது பழைய இராணி, பெருந்தொகையான வேலைக்காரத் தேனீக்களோடு வெளியேறிவிடுகிறது. பின்னால் நிற்பவற்றுக்கு அது விட்டுச் செல்வது அடையின் ஓரத்தில் தொங்கும் சில இராணி அறைகளை மட்டுமே. ஒரு வாரமளவில் முதலாவது புது இராணி வெளிவருகிறது. அது முதிர வேண்டும், வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு கூட வேண்டும், பஞ்சுருட்டான் குருவியின் அலகுக்குத் தப்பித் தன் கூட்டைக் கண்டுபிடித்துத் திரும்ப வேண்டும். அதன் பிறகே முட்டை. இவ்வளவும் நடந்து முடிய மூன்று வாரம், சிலவேளை அதற்கு மேலும் செல்லும். இக்காலத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் காண்பது முட்டையில்லாத அடை. இராணி இல்லாத கூட்டிலும் அதே காட்சிதான். கன்னி இராணியோ உருவிற் சிறியது. வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளியும். ஆகவே இராணி உண்டா இல்லையா என்பதை அந்த நாட்களில் கண்ணால் தீர்மானிக்க முடியாது.

கோபத்துக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இராணியை இழந்த கூடு அமைதி குலைந்து ஒருவகை ஓலத்தோடு இரையும் என்பது வளர்ப்போர் அறிந்ததே. ஆனால் பூ வற்றிய காலம், எறும்புத் தொல்லை, வேறு கூட்டுத் தேனீ வந்து தேனைத் திருடுவது, நமது வியர்வை நாற்றம் ஆகியனவும் அவற்றைச் சீண்டும். ஒன்று கொட்டினால் வாழைப்பழ வாசம் போன்ற ஒரு நெடி கிளம்பும்; அது மற்றவற்றையும் கொட்ட அழைக்கும். கொட்டிய வேலைக்காரத் தேனீ, கொடுக்கு தோலில் சிக்கிப் பிய்ந்து செத்துப் போகிறது. தன் கோபத்துக்கு அது தன் உயிரையே விலையாகக் கொடுக்கிறது.

எங்கள் ஊரில் இத்தகைய கூட்டுக்கு உடனே ஒரு அரசியல் உவமை கிடைத்துவிடும். 2000 செப்டெம்பர் 16 இல் எம். எச். எம். அஷ்ரஃப் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த பின்னர், தலைமை இல்லாத கூட்டம் என்ற பேச்சை இந்தக் கரையில் கேளாத தேநீர்க்கடை இல்லை. ஆனால் இராணித்தேனீ தலைவியல்ல. அது யாருக்கும் கட்டளையிடுவதில்லை. எங்கே பூ என்றோ, எப்போது பிரிவது என்றோ அது தீர்மானிப்பதில்லை; வேலைக்காரத் தேனீக்கள் வேண்டாமென்று கண்டால் அதனையே மாற்றிவிடும். அது செய்வது முட்டையிடுவதும், தான் இருக்கிறேன் என்பதைத் தன் உடலின் சுரப்பால் கூடெங்கும் உணர்த்துவதும்தான். ஆகவே கூடு இழந்தது அதிகாரத்தையல்ல, நாளைய தினத்தை. 'தலை இல்லை, அதனால்தான் இப்படி' என்பது சொல்லுவதற்கு இலகுவான தீர்ப்பு. இலகுவாக இருப்பதாலேயே அதனைச் சந்தேகிக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் இரண்டு. ஒன்று, இரவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்து என்பது. மற்றது, கொஞ்சம் பொறு, தானாகச் சரிவரும் என்பது.

முதலாவதற்கு நமது மரபிலேயே பதில் உண்டு. எறும்பு ஒன்று கடித்ததற்காக எறும்புக் குடியிருப்பு முழுவதையும் எரித்த ஒரு நபி, இறைவனால் கண்டிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கொல்லக்கூடாதென்று பெயர் குறிப்பிடப்பட்ட நான்கு உயிர்களில் தேனீயும் ஒன்றென்பது அபூதாவூதில் வருகிறது. எறும்பின் கதையை நான் வகுப்பில் பலமுறை சொன்னதுண்டு. 2019 ஏப்ரல் 21 இன் பின்னர் அதனைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் வேறாக இருந்தது. சிலர் செய்த பாதகத்துக்காக, அதே ஆண்டு மே 13 இல் குருநாகல் பக்கத்திலும் மினுவாங்கொடையிலும் எரிந்த கடைகளை அவர்கள் தொலைக்காட்சியில் கண்டிருந்தார்கள். கடித்தது எதுவென்று பாராமல் கூட்டை எரிப்பது அநீதி என்று அவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆகவே எரிப்பதில்லை என்பது முடிவாயிற்று. அப்படியானால் பொறுப்பதுதானே வழி? நல்ல மனிதர்கள் பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நிற்க விடாமற் செய்தது பக்கத்து வளவு ராத்தாவின் ஒரு கேள்வி.

"ஒங்கட பூச்சிக்கு ராணி வாற மட்டும் எங்கட புள்ளையள் ஊட்டுக்குள்ள அடைஞ்சி கிடக்கிறயா சேர்?"

அவர் சண்டைக்கு வரவில்லை, கணக்குக் கேட்டார். பொறுப்பதென்று தீர்மானித்தவன் நான். தேன் எனக்கு. இரக்கமுள்ளவன் என்ற நல்ல பெயரும் எனக்கு. கொட்டு மட்டும் அவருடைய பிள்ளைகளுக்கு. மதிலோடு மதில் ஒட்டிய எமது ஊர்களில் ஒருவரின் பொறுமை அடுத்தவர் வளவுக்குள் இறங்காமல் இருப்பதில்லை. பிறருக்குத் தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குப் பதிலாகத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நமது சட்டவியலின் அடிப்படை விதிகளில் ஒன்று. பின்பாதியைச் சொல்லித் தேனீயைக் காப்பாற்றியவன் முன்பாதியையும் சொல்லியாக வேண்டும்.

அயலவருக்கும் பொறுமை கடமையில்லையா என்று கேட்கலாம். அவர்கள் வளவு முருங்கையும் பூசணியும் காய்ப்பதில் இத்தேனீக்களுக்கும் பங்குண்டே என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் பொறுமை ஒரு கொடை. கொடையைக் கொடுப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்தவரின் பணப்பையிலிருந்து எடுத்துத் தருமம் செய்பவனை நாம் தருமவான் என்பதில்லை. அடுத்தவரின் தோலில் பொறுமை காப்பவனை மட்டும் ஏன் பொறுமைசாலி என்கிறோம்?

அன்றிரவே பெட்டியின் வாசலை வலையால் அடைத்து, வயலோரத்தில் ஆளரவமில்லாத மச்சானின் தென்னந்தோட்டத்துக்குக் கொண்டு சென்றோம். பிறகு ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டு அங்கு போய்வருவது என் வேலையாயிற்று. கொட்டு இப்போது எனக்கு விழுந்தது. அதுவே சரியான இடம். மூன்று வாரம் கடந்தும் முட்டை தென்படவில்லை. மற்றப் பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் கொண்ட ஒரு சட்டத்தை எடுத்து அதற்குள் வைத்தேன். அனுபவசாலிகள் செய்யும் சோதனை இது. இராணி இருந்தால் தேனீக்கள் அப்புழுக்களைச் சாதாரணமாக வளர்க்கும். இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் அவற்றிற் சிலவற்றைச் சுற்றி இராணி அறை கட்டத் தொடங்கும். விடை எதுவானாலும் கூட்டுக்கு நட்டமில்லை. இல்லையென்றால், இல்லாத இராணியை ஆக்கிக்கொள்ளும் வழியும் அச்சட்டத்திலேயே இருக்கிறது. சாதாரணப் புழுவே, தொடர்ந்து அரசக்கூழ் ஊட்டப்படுவதால் இராணியாகிறது. மூன்றாம் நாள் மூன்று அறைகள் தொங்கின. இராணி இல்லைதான்.

பொறுமைக்கு எல்லையும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். கருக்கட்டாத அம்முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே பிறக்கும். ஒரே அறையில் பல முட்டைகள் கிடக்கும். வாசலில் போக்குவரத்தும் இருக்கும். பார்ப்பவர் கூடு நன்றாக இருக்கிறதென்று நினைப்பார். உண்மையில் அது அழிந்துகொண்டிருக்கும். அந்நிலையில் புது இராணியைக் கொடுத்தாலும் ஏற்பது அரிது. கேள்வி கேட்காமற் காத்திருப்பதற்கும் கைவிடுவதற்கும் பெரிய வேறுபாடில்லை.

உலகில் பிறரும் இக்கணக்கைத் தீர்க்க முயன்றிருக்கிறார்கள். 1957 இல் பிரேசிலில், ஆய்வுக்கென ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட தேனீக்களின் 26 கூட்டங்கள் தப்பிப் பரவியபோது, அவற்றின் மூர்க்கத்தை எதிர்கொண்ட வளர்ப்போர் பெட்டிகளைக் குடியிருப்புகளிலிருந்து தூரமாக்கினார்கள், உடையைத் தடிப்பாக்கினார்கள். சிகிரியாக் குன்றில் மக்கள் குளவி என்றழைக்கும் மலைத்தேனீக்களின் அடைகள் தொங்குகின்றன. அங்கே அமைதி காக்கும்படி எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. தாக்குதல் நேர்ந்தால் ஓடி ஒதுங்க வலைக்கூடும் வைத்திருக்கிறார்கள். ஆனால் மலையகத் தேயிலை மலைகளில் குளவிக்கொட்டுக்கு இலக்கான தொழிலாளர் பற்றிய செய்தி பத்திரிகைகளில் ஓயாமல் வருகிறது. உயிரிழப்புகளும் உண்டு. அங்கே கொழுந்து கொய்பவருக்கு ஒதுங்க வலைக்கூடு இல்லை. உல்லாசப் பயணிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கூலிக்காரப் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. செலவு அவள் தலையில் விழுகிறது.

தேனீயை விட்டு மனிதர் விடயத்துக்கு வந்தாலும் கணக்கு மாறுவதில்லை. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்தோருக்கெனச் சவூதி அரேபியாவின் உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு எவ்வளவு என்ற பிணக்கில் அவை ஆண்டாண்டாகப் பங்கிடப்படாமல் பற்றை மண்டிக் கிடந்தன. அக்காலத்தில் பொறுமையாக இருங்கள் என்று சொன்னவர்கள் எல்லோரும் ஓட்டு வீட்டிலும் மாடி வீட்டிலும் இருந்து சொன்னார்கள். கேட்டவர்கள் தகரக் கூரையின் கீழ் இருந்து கேட்டார்கள்.

எனது தொழிலிலும் இது இருக்கிறது. உம்மா வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போன பிறகு முரடாகிவிட்ட பிள்ளையை ஒவ்வொரு ஆசிரியரும் கண்டிருப்பார். அடித்து அடக்கு என்பார் ஒருவர். பாவம், தாயில்லாக் குறை, பொறுத்துப் போவோம் என்பார் மற்றவர். காரணம் அதுதானா என்றும் நிச்சயமில்லை. பசியாக இருக்கலாம், கண்பார்வைக் குறையாகவும் இருக்கலாம். ஆனால் நாம் பொறுக்கும் காலம் முழுவதும் கிள்ளும் குத்தும் வாங்குவது அவனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுவன். அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆகவே அத்தகைய பிள்ளையை நான் என் மேசையோடு இருத்திக்கொள்கிறேன். தண்டனையாக அல்ல. என்ன குறையென்று அறியும்வரை அவன் கை எட்டும் தூரத்தில் நான் இருக்க வேண்டும் என்பதற்காக. பொறுப்பேற்றல் என்ற சொல்லுக்குள் பொறுத்தலும் இருக்கிறது, ஏற்றலும் இருக்கிறது.

கோபங்கொண்ட ஒரு கூட்டத்தின் முன், ஒரு பிள்ளையின் முன், ஒரு மனிதனின் முன் நிற்கும்போது நாம் தீர்ப்பைத் தள்ளிவைப்பது நல்லதே. காரணம் தெரியாத வேளையில் அதுவே நீதி. ஆனால் தள்ளிவைத்த நாட்களுக்கு ஒரு விலை உண்டு. அதை யாரோ செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அந்த யாரோ நாமாக இருந்தால் அது பொறுமை. வேறொருவராக இருந்தால், அதற்கு நாம் வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.