வில்லையும் வாய்மையும்

உண்மை ஒன்றா, பலவா என்னும் வினா, மாந்தர் சிந்திக்கத் தொடங்கிய நாள்தொட்டு இருந்து வருவது. ஒன்றே என்பார், மாறுபட்ட காட்சிகளையெல்லாம் மயக்கம் என்று தள்ளுவர். பல என்பார், அவரவர் கண்டதே அவரவர்க்கு உண்மை என்று கூறி அமைவர். முன்னவர் வழியில் பிடிவாதம் வளர்கிறது. பின்னவர் வழியில் பொறுப்புத் தேய்கிறது. இவ்விரண்டும் அன்றி மூன்றாவது வழி ஒன்று உண்டா? இவ்வினாவை நூலறிவால் மட்டும் ஆராயாமல், நம்மில் பலர் கையாண்டு பழகிய ஒரு கருவியின் துணைகொண்டு ஆராய முற்படுகிறோம். அக்கருவி, வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்தத்தக்க எஸ்.எல்.ஆர். கேமரா.

படச்சுருள் காலத்துக் கருவியாதலின், அதன் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். லென்ஸ் எனப்படும் ஒளிவில்லை முன்னே இருக்கிறது. அதன் வழியே புகும் ஒளியை 45 பாகை சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகிறது. மேலே அமைந்த ஐங்கோணப் பட்டகம் அவ்வொளியை நேர்ப்படுத்தி நம் கண்ணிடம் சேர்க்கிறது. எனவே, எந்த வில்லையின் வழியே படச்சுருள் காணப்போகிறதோ, அதே வில்லையின் வழியே நாமும் காண்கிறோம். 1936-இல் டிரெஸ்டன் நகரில் வெளிவந்த கினே எக்ஸாக்டா, 35 மி.மீ. சுருளுக்கு இவ்வமைப்பைத் தந்தது. 1949-இல் வந்த கான்டாக்ஸ் எஸ் ஐங்கோணப் பட்டகத்தைச் சேர்த்தது. 1959-இல் ஜப்பானின் நிக்கான் எஃப் வந்தபின், செய்திப் புகைப்படக்காரர் தோள்களில் எல்லாம் இவ்வகைக் கருவியே தொங்கலாயிற்று.

இதன் பெருமை உடலில் இல்லை; கழற்றி மாட்டும் வில்லைகளில் இருக்கிறது. 28 மி.மீ. வில்லையை மாட்டினால், மூலைக்கு மூலை ஏறத்தாழ 75 பாகை அகன்ற காட்சி கிடைக்கிறது. 50 மி.மீ. வில்லையில் அது 47 பாகை அளவாகக் குறுகுகிறது. 135 மி.மீ. வில்லையில் 18 பாகையே எஞ்சுகிறது. உடல் ஒன்று, படச்சுருள் ஒன்று, எடுப்பவரும் ஒருவர். வில்லை மாறினால் உலகமே மாறிவிட்டதுபோல் தோன்றுகிறது. இதனால்தான், 'புகைப்படம் பொய் சொல்லும். வில்லையை மாற்றினால் எதையும் எப்படியும் காட்டலாம்' என்று பலரும் கூறுகின்றனர். இக்குற்றச்சாட்டு எத்துணை உண்மை என்பதை, தலைநகர்த் தமிழர்க்கு அறிமுகம் வேண்டாத ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம்.

விடுதலை இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சரும், 1954-இல் உணவு அமைச்சராக இருக்கும்போதே மறைந்தவருமான ரஃபி அகமது கிட்வாயின் பெயர் தாங்கியது கிட்வாய் நகர். மத்திய அரசு ஊழியர்க்காக எழுந்த குடியிருப்பு அது. வடக்கே பல காலம் பணிபுரிந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இங்கும் அருகிலுள்ள லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர் ஆகிய இடங்களிலும் அரசு வீடுகளில் வாழ்ந்தன. 2010-களில் கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உயர்ந்தன. அவற்றின் நடுவே, லோதி காலப் பிரபு ஒருவராகிய தரியா கானின் கல்லறை மேடை இன்றும் இருக்கிறது.

இங்கே இருவர் படம் எடுப்பதாகக் கொள்வோம். ஒருவர் கல்லறைக்கு அருகில் நின்று 28 மி.மீ. வில்லையால் எடுக்கிறார். அப்படத்தில் பழங்கல் ஓங்கி நிற்கிறது. புதுக் கட்டடங்கள் அதன் பின்னே அடக்கமாக ஒதுங்குகின்றன. மற்றொருவர் வெகு தொலைவில் நின்று 200 மி.மீ. வில்லையால் எடுக்கிறார். அப்படத்தில் கட்டடங்கள் கல்லறையின் தலைமேல் சரிந்து விழுவனபோல் நெருங்கி நிற்கின்றன. பழமையும் புதுமையும் இணங்கி வாழ்கின்றன என்பதற்கு முதற்படத்தைக் காட்டலாம். பழமையைப் புதுமை விழுங்கிவிட்டது என்பதற்கு இரண்டாம் படத்தைக் காட்டலாம். இது வெறும் கற்பனை வாதம் அன்று. 2018-இல் சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய இடங்களின் மரங்களை வெட்டுவது பற்றி எழுந்த பூசல் உயர்நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய பூசல்களில் படங்களே இரு தரப்புக்கும் சாட்சிகளாகின்றன.

இப்போது கணக்கைப் பார்ப்போம். எளிமைக்காகக் கல்லறை 6 மீட்டர் உயரம் என்றும், கட்டடம் 42 மீட்டர் என்றும், இரண்டுக்கும் இடைவெளி 140 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். மெய்யாகவே கட்டடம் கல்லறையைப்போல் 7 மடங்கு உயரம். கல்லறைக்கு 20 மீட்டர் தொலைவில் நிற்பவருக்குக் கட்டடம் 160 மீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே, அது கல்லறையின் எட்டில் ஏழு பங்கு உயரமே உடையதாகத் தோன்றும். கல்லறையைவிடச் சிறிதாகவே தெரியும். 350 மீட்டர் பின்சென்று நிற்பவருக்குக் கட்டடம் 490 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அவர் கண்ணுக்கு அது கல்லறையைப்போல் 5 மடங்கு உயர்ந்து தோன்றும்.

இக்கணக்கில் வில்லை எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று 28 மி.மீ. வில்லையாலும் 200 மி.மீ. வில்லையாலும் எடுத்தால், பொருள்களுக்கு இடையே உள்ள அளவு விகிதம் மாறுவதே இல்லை. அகன்ற படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால், நீண்ட வில்லை தந்த காட்சியே அங்கும் இருக்கும். வில்லை செய்வது எவ்வளவு காட்டுவது, எவ்வளவு விடுவது என்னும் தேர்வு மட்டுமே. பொருள்களின் உறவை மாற்றிக் காட்டுவது, நாம் நிற்கும் இடம். நெடுங்காலமாக வில்லையின்மேல் சுமத்தப்பட்ட பழி, உண்மையில் நம் கால்களைச் சேர வேண்டியது.

இதைவிடப் பெரிய பாடமும் அக்கணக்கில் அடங்கியிருக்கிறது. 'எட்டில் ஏழு' என்கிறது ஒரு படம். 'ஐந்து மடங்கு' என்கிறது மற்றொரு படம். இரண்டும் முரண்படுகின்றன. ஆயினும், முதல்வர் தாம் 20 மீட்டரில் நின்றதையும் இரண்டாமவர் 350 மீட்டரில் நின்றதையும் மறைக்காமல் கூறினால், இடைவெளி 140 மீட்டர் என்பதை அறிந்த எவரும் இரு படங்களிலிருந்தும் தனித்தனியே கணக்கிட்டு ஒரே விடைக்கு வரலாம். கட்டடம் 7 மடங்கு உயரம் என்பதே அவ்விடை. காட்சி பல, உண்மை ஒன்றே. ஆனால், பல காட்சிகளிலிருந்து அவ்வொன்றை அடைய வேண்டுமாயின், ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்தை வெளிப்படுத்த வேண்டும். நின்ற இடத்தை மறைத்துவிட்டு, 'இதுவே கிட்வாய் நகர்' என்று படத்தை நீட்டும்போதுதான் பொய் பிறக்கிறது. நாம் முதலில் தேடிய மூன்றாவது வழி இதுவே.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். 'இயல்பான வில்லை என ஒன்று உண்டே, 50 மி.மீ. வில்லை மனிதக் கண்ணைப்போல் காண்பது அன்றோ? அதையே கொண்டால் சிக்கல் இல்லையே' என்பர். 24-க்கு 36 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ. அளவே. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா 50 மி.மீ. வில்லையோடு வந்தது, பின்வந்தோர் பலர் அதைத் தொடர்ந்தனர், வழக்கம் இயல்பெனப் பெயர் பெற்றது. நம் இரு கண்களோ 50 மி.மீ. வில்லையைவிட மிக அகன்ற வெளியை உணர்கின்றன. ஆனால் கூர்ந்து நோக்குவது அதனினும் மிகக் குறுகிய வட்டத்தையே. வாழ்விலும், நாம் பழகிய நோக்கை நடுநிலை என்றும், பிறர் நோக்கைக் கோணல் என்றும் கருதும் தவறு இவ்வாறே தோன்றுகிறது. நடுவுநிலைமை என்பது நடுத்தரமான ஒரு வில்லையை வாங்கி மாட்டுவதால் வருவது அன்று.

நின்ற இடத்தைக் கூறும் நேர்மை, தமிழ் மரபுக்குப் புதியது அன்று. அகப்பாடலில் புலவன் தன் குரலில் பேசுவதில்லை. தலைவியோ, தோழியோ, செவிலியோ, தலைவனோ பேசுகின்றனர். தலைவனின் பிரிவு தலைவிக்கு ஒன்றாகவும், பொருள் தேடிச் செல்லும் தலைவனுக்கு வேறொன்றாகவும் தோன்றும். இவற்றுள் எது உண்மை என்று நாம் வழக்காடுவதில்லை. ஏனெனில், யார் யாரிடம் கூறியது என்பதை ஒவ்வொரு பாட்டின் துறைக்குறிப்பும் தெரிவித்துவிடுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல், கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றைச் செய்யுள் உறுப்புகளாகவே எண்ணியது. யார், யாருக்கு, எங்கே, எப்போது என்னும் நான்கும் இல்லாத பேச்சு உறுப்புக் குறைந்த பேச்சு என்பது இதனால் பெறப்படும். துறைக்குறிப்பு இல்லாத புகைப்படமும் அத்தகையதே.

இக்குறையால் தீங்கு விளையும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. 2020-இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, மக்கள் இடைவெளி பேணாமல் நெருங்கித் திரண்டனர் என்று காட்டும் படங்கள் பல நாடுகளில் வெளியாயின. டென்மார்க்கைச் சேர்ந்த செய்திப் புகைப்படக்காரர் இருவர், மக்கள் கூடிய இடங்களைத் தொலைவிலிருந்து நீண்ட வில்லையாலும், அருகிலிருந்து அகன்ற வில்லையாலும் எடுத்து அடுத்தடுத்து வைத்துக் காட்டினர். ஒரு படத்தில் தோளோடு தோள் உரசி நின்றவர், மற்றொரு படத்தில் போதிய இடைவெளி விட்டே நின்றனர். முதற்படத்தை மட்டும் கண்டவர், குற்றமற்றவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்திருப்பர். நின்ற இடம் மறைக்கப்பட்ட படம், விசாரணையின்றி வழங்கிய தீர்ப்பாகிவிடுகிறது.

தொலைவைப் பற்றி மற்றொரு கேள்வியும் உண்டு. அது காட்சியின் அளவைப் பற்றியதன்று; காண்பவரின் கடமையைப் பற்றியது. கிட்வாய் நகரிலிருந்து ரிங் ரோட்டைக் கடந்தால் 1956-இல் தோன்றிய எய்ம்ஸ் மருத்துவமனை. தொலைதூர மாநிலங்களிலிருந்து நோயாளிகளோடு வரும் ஏழைகள், தங்க இடமின்றி அதன் வெளியே நடைபாதையில் படுத்துறங்கும் காட்சி தலைநகர்வாசிகளுக்குப் புதிதன்று. சாலையின் இப்பக்கம் நின்று 200 மி.மீ. வில்லையைத் திருப்பினால், அழும் தாயின் முகத்தை அவள் அறியாமலே கொண்டுவந்துவிடலாம். அவள் நம்மைக் காணவில்லை; மறுக்கவும் இயலாது. 28 மி.மீ. வில்லையோ நம்மை அவளருகே போகச் செய்யும். போனால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். நாம் ஒரு சொல் பேசியாக வேண்டும். அவள் கையசைத்து மறுத்தால் திரும்பியாக வேண்டும். அருகில் செல்பவன் யாவனும் அறவோன் என்பதன்று. நெருங்கி நின்று துன்புறுத்துவோரும் உளர். எனினும், நெருங்கியவனுக்கு மறுப்பைக் கேட்கும் வாய்ப்பேனும் உண்டு. தொலைவில் ஒளிந்தவன் அவ்வாய்ப்பையே தனக்கு இல்லாமல் செய்துகொள்கிறான்.

இந்தியாவின் முதல் பெண் செய்திப் புகைப்படக்காரர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா, தலைநகரில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின் 1970-இல் அத்தொழிலை விட்டார். புதிதாக வந்தோரின் நடத்தையில் பழைய கண்ணியம் இல்லாமற்போனதையும் அவர் அதற்குக் காரணமாகக் கூறினார். எங்கே நிற்பது, எப்போது கேமராவைத் தாழ்த்துவது என்பன தொழில் நுட்பங்கள் மட்டுமல்ல, ஒழுக்கமும் ஆகும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

எஸ்.எல்.ஆர். அமைப்பிலேயே பணிவைக் கற்பிக்கும் கூறு ஒன்றும் உண்டு. விசையை அழுத்தியவுடன் சாய்ந்த கண்ணாடி மேலெழுகிறது; ஒளி படச்சுருளை அடைகிறது; அக்கணம் நம் கண்ணுக்கு முன் இருள். முன்னும் காண்கிறோம், பின்னும் காண்கிறோம். படம் பதிவாகும் அவ்வொரு நொடிக் கூற்றை மட்டும் நாம் காண்பதில்லை. 'நானே கண்டேன்' என்று முழங்குபவர், தம் சாட்சியத்தின் நடுவிலும் காணாத கணம் ஒன்று உண்டு என்பதை நினைவில் கொள்ளுதல் நன்று.

இனி, பிறர் நோக்கைப் பெறுதல் இயலுமா என்னும் கேள்வி எஞ்சுகிறது. இதற்கும் அக்கருவியே விடை தருகிறது. கான்டாக்ஸ் எஸ் கொண்டிருந்த 42 மி.மீ. திருகுப் பொருத்தைக் கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகாவும், பிற்காலச் சோவியத் ஜெனித்தும், 1975 வரை ஜப்பானியப் பென்டாக்ஸும் கொண்டிருந்தன. அரசியலில் எதிர் முகாம்களில் இருந்த நாடுகளின் வில்லைகள், ஒரே உடலில் தடையின்றிப் பொருந்தின. மாஸ்கோ அருகே செய்த வில்லையை ஜப்பானிய உடலில் மாட்டி, 1960-இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தந்த 'இந்து' படச்சுருளில் டெல்லித் தெருவைப் பதிவு செய்வது அக்காலத்தில் இயலக்கூடியதாகவே இருந்தது. நிக்கான் வில்லையோ கேனான் உடலில் நேராகப் பொருந்தாது. மனிதர்களிடையே மொழியும் நியாயமும் அப்பொதுத் திருகு போன்றவை. அவை உள்ளவரை, எதிர்த்தரப்பினரின் வில்லையைச் சிறிது நேரம் கடன் பெற்றுப் பார்க்கலாம். ஆனால், வில்லையைக் கடன் பெற்றால் மட்டும் போதாது. அவர் நின்ற இடத்திற்கும் நடந்து செல்ல வேண்டும். பிறர் துயரை உணர்தல் என்பது, கண்ணின் வேலையாவதற்கு முன் காலின் வேலையாகிறது.

முன்னாளில் குடும்பப் படங்களின் பின்புறத்தில் ஊரும் நாளும் பென்சிலால் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அச்சிறு வழக்கத்தை நம் பேச்சுக்கும் விரித்துக்கொள்ளலாம். இடிந்த வீட்டைப் பற்றியோ, எழுந்த மாடியைப் பற்றியோ, அயல் மாநிலத்து மக்களைப் பற்றியோ, நம் மக்களைப் பற்றியோ தீர்ப்புரைக்கும்போது, 'இவ்வளவு தொலைவில் நின்று, இவ்வளவே கண்டு சொல்கிறேன்' என்னும் குறிப்பையும் சேர்த்துரைப்போமாக. அக்குறிப்பு நம் சொல்லின் வலிமையைக் குறைக்காது. கேட்பவர் அதை அளந்து கொள்ளவும், தாம் நின்ற இடத்திலிருந்து திருத்தவும் இடம் தரும். அத்தகைய சொற்கள் பல சேருமிடத்தில், உண்மையும் நாளடைவில் வந்து சேரும்.