பங்குதாரரின் தர்மம்

சிறு ஸ்தாபனங்கள் பலவற்றை விலைக்கு வாங்கி ஒன்றாக்கும் பெரிய ஸ்தாபனமொன்றில் முதல் போட்டு லாபம் பெறுவது தர்மத்துக்கு உகந்ததுதானா என்ற கேள்வியைப் பிரேஸில் தேசத்து இணையத் தொழிலை முன்வைத்து விசாரிப்பது தகும். ஏனெனில் அங்கே சிறியவர்கள் செய்த காரியம் சாமானியமானதன்று. பெருநகரங்களையே நாடிய பெரிய தொலைபேசிக் கம்பெனிகள் உள்நாட்டுச் சிற்றூர்களை நெடுங்காலம் பொருட்படுத்தாதிருக்க, அவ்வூர்க்காரர்களே கைக்கெட்டிய முதலைக் கொண்டு வீடு வீடாக இணையத்தைக் கொண்டு சேர்த்தார்கள். கண்ணாடியிழைக் கம்பி வழியே 5,000 சந்தாதாரர்கள் வரை சேவை செய்வோருக்கு உரிமம் வேண்டியதில்லை என்று தொலைத்தொடர்பு ஆணையமான அனாடெல் 2017-இல் விதியைத் தளர்த்தியதும் அம்முயற்சிக்கு அனுகூலமாயிற்று.

2021 ஜூலையில் பிரிஸாநெட், உனிஃபிகே, டெஸ்க்டாப் என்ற மூன்று பிராந்தியக் கம்பெனிகள் ஸாவோ பாவுலோ பங்குச் சந்தையில் அடியெடுத்து வைத்தன. அவற்றுள் பிரிஸாநெட் பெரும்பாலும் தானே கம்பியிழுத்து வளர்ந்தது. டெஸ்க்டாப்போ ஸாவோ பாவுலோ மாகாணத்துச் சிறு கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பெருகியது. இவ்விரண்டாம் வழியில் ஒரு சூட்சுமம் உண்டு. சிறு கம்பெனியை அதன் வருஷ லாபத்தின் சில மடங்கு விலைக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்டால், அதே லாபத்துக்குச் சந்தை அதைவிட அதிக மடங்கு மதிப்பளிக்கக் கூடுமாதலால், புதிதாக ஒரு முழக் கம்பியும் இழுக்கப்படாமலேயே பங்குதாரரின் செல்வம் பெருகிவிடும்.

பிரேஸில் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தழுவிய கத்தோலிக்க சமயத்தின் அன்றைய தலைவரான பதினோராம் பயஸ், 1931-இல் வெளியிட்ட சுற்றுமடலில், சிறிய சமூகங்கள் தாமே செய்யவல்லதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்றும், பெரியது சிறியதற்குத் துணைநிற்கவே உள்ளது என்றும் உபதேசித்தார். பெரிதும் அரசை நோக்கிச் சொல்லப்பட்ட அந்நியாயம் மூலதனத்துக்கும் பொருந்தும் என்பதே என் துணிபு.

அதைக்கொண்டு நிறுத்துப் பார்த்தால், கருவிகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து செலவைக் குறைப்பதும், ஒரு பாதை அறுந்தால் மறுபாதையில் சேவை தொடர வகைசெய்வதும், வாரிசின்றி முதுமையடைந்த ஸ்தாபகருக்கு நியாயமான விலை தந்து அவர் பொறுப்பை ஏற்பதும் சிறியவரால் ஆகாதவை. அவற்றால் விளையும் லாபம் ஊழியத்தின் கூலியாகும். ஆனால், கடன் வாங்கி ஊர்களைச் சேர்த்த கம்பெனி, 2021 தொடக்கத்தில் 2 சதவீதமாயிருந்த மத்திய வங்கியின் வட்டி 2022 ஆகஸ்டில் 13.75 சதவீதமாக உயர்ந்ததைப் போன்ற நெருக்கடியில், அவ்வட்டியைச் சந்தாவிலும் ஊழியர் குறைப்பிலும் ஈடுசெய்ய முற்படுமானால், ஆதாயம் பெறுவோர் துணிந்த துணிவுக்கு அதில் பங்கில்லாத எளியோர் தண்டம் கட்டுகிறார்கள்.

வாங்கப்படுவது கம்பியும் கம்பமும் மாத்திரமல்ல. அழைத்த நேரத்தில் வருவான் என்று ஊரார் ஒருவன்மீது வைத்த விசுவாசமும் அவ்விலையில் அடக்கம். அதை விலைகொடுத்துப் பெற்றவன் அதற்குரிய கடமையையும் பெற்றவனாகிறான். அக்கடமை நிர்வாகிகளோடு நின்றுவிடாமல், பங்கின் அளவுக்கேற்ப ஒவ்வொரு பங்குதாரரையும் சாரும். ஆதலால், லாபம் எவ்வளவு என்று கேட்கும் முன், அது ஊழியத்தில் பிறந்ததா, வெறும் விலை வித்தியாசத்தில் பிறந்ததா என்று கேட்பதே முதலீட்டாளனின் முதற்கடமை. அவ்விசாரணைக்கு மனமில்லாதவன் அத்தொழிலில் முதல் போடாதிருத்தலே அறம்.