சத்தம் யாருக்குச் சொந்தம்?

கோவையில் எனக்கொரு நண்பர். அவருடைய அப்பா விட்டுப்போனது ஒரு பழைய பிக்-அப் வண்டி. பெட்ரோல் இன்ஜின். ஒரு காலத்தில் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த வண்டி, இப்போது சின்ன மேட்டுக்கே முனக ஆரம்பித்துவிட்டது. 'ஹெட்டர் போட்டா இழுக்குமுங்க' என்று யாரோ சொல்ல, பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஹெட்டர் என்றால் என்ன? இன்ஜினில் எரிந்த புகை வெளியேறும் முதல் வழி, மேனிஃபோல்டு எனும் வார்ப்பிரும்புக் கூடு. நான்கு சிலிண்டர்களின் புகையும் அந்தக் குறுகிய கூட்டுக்குள் ஒன்றை ஒன்று முட்டிக்கொள்ளும். ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய். ஏறக்குறைய ஒரே நீளம். தள்ளிப்போய்த்தான் ஒன்றுசேரும். முன்னால் போகும் புகை, பின்னால் வரும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். இன்ஜினுக்கு மூச்சு சீராகும்.

பழைய வண்டியில் இந்த வேலை லேசில் முடியாது. துருப்பிடித்த ஸ்டட்டுகள் கழற்றும்போதே முறியும். அதைத் துளைபோட்டு எடுத்து, புது கேஸ்கட் வைத்து, குழாய் வளைத்து வெல்டிங் செய்து... நண்பர் இரண்டு நாள் பட்டறையிலேயே கிடந்தார். கூடவே பழைய சைலன்சரையும் தூக்கிப் போட்டுவிட்டு 'ஃப்ரீ ஃப்ளோ' ஒன்றை மாட்டினார்.

வண்டி மேடு ஏறியது. தெருவும் அதிர்ந்தது.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மா வந்தார். 'கண்ணு, வண்டி நல்லாத்தான் இருக்குது. ஆப்பரேசன் பண்ணி வந்ததுல இருந்து மாமாவுக்குக் காலைலதான் கொஞ்சம் கண்ணசருது. நீ அஞ்சு மணிக்கு எடுக்கறயா... ஒண்ணுமில்ல சாமி, சும்மா சொன்னேன்.' அவ்வளவுதான். போய்விட்டார்.

நண்பர் என்னிடம் பொரிந்தார். 'என் வண்டி, என் காசுங்க. நான் யார் சொத்தை எடுத்தேன்? கல்யாண மண்டப ஸ்பீக்கரை யாராவது கேக்கறாங்களா? பஸ் ஏர் ஹாரனைக் கேக்கறாங்களா?'

நியாயமான கேள்விதான். நீங்களும் நானும் கேட்டிருக்கிறோம். ஆனால், ஊரே கடன் வைத்திருப்பதால் என் கடன் தள்ளுபடி ஆகிவிடுமா? வண்டி அவருடையது. பெட்ரோல் அவருடையது. காம்பவுண்டைத் தாண்டிய சத்தம்? அது எதிர்வீட்டுப் பெரியவரின் தூக்கத்தை எடுத்துக்கொண்டது. தூக்கத்துக்குப் பட்டா இல்லை என்பதற்காக அது சொத்தில்லை என்றாகிவிடாது.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. நண்பர் வண்டி எடுக்கும் ஐந்து மணியும் அதில் அடக்கம். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் தந்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆனால், சட்டத்தைவிட என்னை உறுத்தியது அந்த அம்மாவின் 'ஒண்ணுமில்ல சாமி'தான். கொங்கு நாட்டு மரியாதை அப்படி. குறையைக்கூட விருந்தாளி மாதிரி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகும். நாம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். சண்டை போடுகிறவருக்கு வழிவிடுகிறோம். மரியாதையாகக் கேட்பவரை மறந்துவிடுகிறோம். இது என்ன நியாயம்?

முடிச்சை அவிழ்த்தவர் மெக்கானிக். 'ஹெட்டர் அப்படியே இருக்கட்டுங்க. நல்ல சைலன்சரா ஒண்ணு மாட்டிக்கலாம். மேடு ஏறுறதுல பெருசா ஒண்ணும் கொறையாதுங்க.'

பிரச்னை தீர்ந்தது இல்லையா? நண்பர் முகம் ஏன் வாடியது?

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். 'அப்பா இருந்தப்ப இந்த வண்டி சத்தம் கேட்டாலே தெருவுல எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. இப்ப யாரும் பாக்கறதில்லீங்க.'

அவருக்கு வேண்டியிருந்தது இழுவை மட்டுமல்ல. யாராவது ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஏக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அப்பாவை இழந்தவர்களுக்குத் தெரியும். ஆனால், அன்று தெரு எட்டிப் பார்த்தது சைலன்சரையா, அந்த மனிதரையா?

இன்ஜின் மேல் காதல் கோவைக்குப் புதிதல்ல. மாருதி இன்ஜினை வைத்து பந்தயக் கார் கட்டிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே பந்தயத் தளம் இருக்கிறது. சத்தத்தை ரசிக்க இடமில்லாத ஊரல்ல இது. அந்த இடம், தூங்குகிறவரின் ஜன்னலோரம் இல்லை என்பதுதான் விஷயம்.

நண்பர் சைலன்சரை மாற்றிவிட்டார். போன வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் கைத்தடியோடு வாசலுக்கு வந்து, 'உங்கப்பன் வண்டி தானே? இன்னும் ஓடுதா?' என்று கேட்டு, பானெட்டைத் தட்டிப் பார்த்தாராம்.

ஹெட்டர் செய்வதும் இதைத்தானே? ஒருவர் மூச்சு இன்னொருவரை முட்டாமல் வெளியேற வழி.

உங்கள் வீட்டிலிருந்து தெருவுக்கு என்ன சத்தம் போகிறது? எதிர்வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லையா? எதற்கும் ஒருமுறை நீங்களே போய்க் கேட்டுவிடுங்கள்.