துபாஷின் நாட்குறிப்பு

ஓய்வு கிடைத்தால் எழுதலாம் என்று காத்திருப்பவர்கள் ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் வணிகம், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) பொறுப்பு, ஊர்ப் பஞ்சாயத்து என்று அவருக்கு மூச்சுவிட நேரம் இருந்திராது. ஆனாலும் 1736 முதல் 1761 வரை கப்பல் வரவு, சரக்கு, போர், அரண்மனைப் பேச்சு அனைத்தையும் நாட்குறிப்பில் எழுதினார். நடுவே விட்டுப்போன நாட்களும் உண்டு; அவைதான் எனக்குப் பெரிய ஆறுதல். விட்ட பிறகும் அவர் திரும்ப எழுத உட்கார்ந்திருக்கிறார்.

நாட்குறிப்புக்குச் சரி, நாவலுக்கு நீண்ட தனிமை வேண்டாமா என்று கேட்கலாம். அதற்கும் பதில் உண்டு: நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் இங்கிலாந்தின் அஞ்சல் துறை அதிகாரியாகவும் இருந்தார். வேலை நிமித்தம் ஊர் ஊராக அலைந்தவர், ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதியை ரயிலில் பென்சிலால் எழுதினார். அதைப் படியெடுத்துக் கொடுத்த மனைவியின் உழைப்பையும் சேர்த்தே அந்த நாவலுக்கான நேரக் கணக்கைப் போட வேண்டும்.