யார் செய்த வினை?

உதடு பிளந்த பிள்ளை பிறந்தால் எங்கள் பக்கத்தில் முதல் விசாரணை பெற்றவளிடம்தான். "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா? அரிவாமணையத் தொட்டியா?" இரண்டும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது முன்வினை.

எனக்கு ஊர் திருவாமாத்தூர். ஒரு மருத்துவக் கல்லூரியின் அனிமல் ஹவுசில் எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வுபெற்றவன். கொம்பில்லாமல் பிறந்த பசுக்கள் அபிராமேஸ்வரரை வேண்டிக் கொம்பு பெற்ற தலம் எங்களுடையது. நான் கேட்டு வளர்ந்த கதையில், போன பிறவியில் என்ன செய்தீர்கள் என்று அந்தப் பசுக்களைச் சாமி கேட்பதில்லை. குறை என்றார்கள், கொடுத்தார்.

இதே கேள்வியை எலிகளிடம் கேட்டவர்கள் உண்டு. 1951இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஃபிரேசர், ஃபைன்ஸ்டாட் என்ற ஆய்வாளர்கள் சினைச் சுண்டெலிகளுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். பல குட்டிகள் அண்ணம் பிளந்து பிறந்தன. அறுபதுகளில் அதே ஆய்வகத்தில் இன்னொன்று தெரியவந்தது: அதே மருந்து, அதே வம்சம், தீவனத்தை மாற்றினால் பிளவோடு பிறக்கும் குட்டிகளின் விகிதமும் மாறுகிறது.

பிறந்த சுண்டெலிக் குட்டியின் தோல் கண்ணாடி மாதிரி. பால் குடித்திருந்தால் இடப்பக்க வயிற்றில் வெள்ளையாகத் தெரியும். அண்ணம் பிளந்த குட்டியால் உறிஞ்ச முடியாது. அந்த இடத்தில் காற்றுதான் இருக்கும். தாய் அதையும் நக்கிக் கொடுக்கும். சில சமயம் தின்றும் விடும். இதில் எந்தக் குட்டி எந்தப் பிறவியில் என்ன செய்தது?

படித்தவர்கள் முன்வினையை விட்டுவிட்டார்கள். ஆனால் "ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா" என்று மறுபடி பெற்றவளிடமே வந்து நிற்கிறார்கள். கூண்டு எலி தீவனத்தைத் தேர்ந்தெடுத்ததா? நான் போட்டதைத் தின்றது. கடைசிப் பந்தியில் உட்காரும் மருமகளும் சட்டியில் மிஞ்சியதைத்தான் தின்கிறாள். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாட்டில் எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. தீட்டிய அரிசியே பிரதானமான மதராஸ் சாப்பாட்டில் வளர்ந்ததுதான் எல்லாவற்றிலும் நோஞ்சான். நம் வீட்டு அடுப்படியைத்தான் அவர் கூண்டுக்குள் வைத்தார்.

இன்னொரு பிறவிக் குறையைப் பாருங்கள். கரு உருவாகி 28 நாளுக்குள், தண்டுவடமாக வளரும் குழல் மூடிவிட வேண்டும். பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே உறைத்திருக்காது. அது மூடாத குறையோடு ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்குக் கருவுக்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், அது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது என்று 1991இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு மாத்திரைக்கு இவ்வளவு வழிவிடும் விதியை நான் எப்படி விதி என்பது?

இந்த ஆய்வுகளில் செத்த எலிகளின் கணக்கு வேறு. கொல்லாமையை வலியுறுத்திய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் மடம் அமைத்த ஊர் எங்கள் திருவாமாத்தூர். அவர் முன்னால் போய் நின்றால் தலை நிமிராது. பயன் கிடைத்ததால் பாவம் கழிந்தது என்று, பொய் சொன்னவரைத் தண்டிக்கும் என்று நம்பப்படும் எங்கள் கோயில் வட்டப்பாறையில் சத்தியம் செய்ய நான் தயாரில்லை. அந்த வினை என்னுடையது, எலியுடையதல்ல.

இப்போதெல்லாம் யாராவது "அவ என்ன தின்னாளோ" என்று ஆரம்பித்தால், "மளிகை யார் வாங்கினது?" என்று கேட்டுவிடுகிறேன். இதனால் இரண்டொரு வீட்டில் எனக்குக் காப்பி நின்றுவிட்டது.